செகண்ட் ஹாண்ட் முக்கால் டன் பிக்கப்: வாங்குகிற விலை வேறு, வைத்துக்கொள்ளும் விலை வேறு

கேள்வி, 2023 மார்ச் 4

மூன்று டன் டிரெய்லர் ஒன்று வைத்திருக்கிறேன். வருடத்தில் ஏழெட்டு முறை இழுப்பேன். மற்ற நாளெல்லாம் வேலைக்குப் போய்வர ஒரு பக்கம் 9 மைல். பத்து வருடப் பழைய முக்கால் டன் டீசல் பிக்கப் (முக்கால் டன் என்பது அமெரிக்காவில் பிக்கப்பின் ரகப் பெயர், இழுக்கும் எடை அல்ல) ஒன்று 22,000 டாலருக்கு வருகிறது. 96,000 மைல்தான் ஓடியிருக்கிறது. இந்த டீசல் என்ஜின்கள் மூன்று லட்சம் மைல் ஓடும் என்கிறார்கள். எடுக்கலாமா?

பதில், 2023 மார்ச் 4, இரவு

என்ஜின் மூன்று லட்சம் ஓடும், சந்தேகமில்லை. அதைச் சுற்றி மாட்டியிருக்கிற சாமான்களுக்கு அந்த ஆயுசு கிடையாது. செலவு அங்கேதான்.

நான் 2014 மாடல் டீசல் ஒன்றை 2020 ஜனவரியில் 23,500 டாலருக்கு எடுத்தேன், 1,21,000 மைலில். இப்போது 1,63,000. சின்ன மண் தோண்டும் இயந்திரத்தை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வாரத்தில் நாலு நாள் ஓடுகிறது. எந்த கம்பெனி என்று எழுதவில்லை. எழுதினால் பேச்சு கம்பெனிச் சண்டையாகிவிடும். ஒவ்வொரு பில்லையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நாளை எடுத்துப் பார்த்துச் சொல்கிறேன்.

96,000 மைல் டீசலுக்குக் குறைவுதான். அந்த விஷயத்தில் பயப்பட வேண்டாம்.

2023 மார்ச் 5

நோட்டைப் பார்த்துவிட்டேன். மூன்று வருடம், 42,000 மைல். டீசல், இன்ஷூரன்ஸ் சேர்க்கவில்லை.

டயர் ஒரு செட் 1,480. முன் ஆக்சில் வேலை, அதாவது பால் ஜாயிண்ட், டிராக் பார், யு ஜாயிண்ட் எல்லாம் சேர்த்து 2,150. துருப்பிடித்த பிரேக் லைனும் ரோட்டர், பேடும் 1,340. புகையில் நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சார் இரண்டு 1,120. டெஃப், அதாவது புகையைச் சுத்தம் செய்யும் யூரியாக் கரைசல், அதன் தொட்டியின் பம்ப், ஹீட்டர் 1,260. பாட்டரி 410, டீசலில் இரண்டு பாட்டரி என்பதை நினைவில் வையுங்கள். வாட்டர் பம்பும் கூலன்டும் 690. ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர் 1,140.

மொத்தம் 9,590 டாலர். மைலுக்கு கிட்டத்தட்ட 23 சென்ட். இத்தனைக்கும் ஆயில் மாற்றுவது, பிரேக் பேட் போடுவது எல்லாம் நானும் மச்சானும் கீழே படுத்துச் செய்த வேலை. என்ஜினுக்குள் ஒரு ஸ்பேனர்கூடப் போகவில்லை.

வாங்கும் முன் நான் இதை யோசிக்கவே இல்லை. கார் மாதிரிதான், கொஞ்சம் பெரிசு என்று நினைத்தேன். எல்லாமே பெரிசு. ஆயில் காருக்கு 5 குவார்ட் என்றால் இதில் 10-லிருந்து 13 வரை. சக்கரத்துக்கு எட்டு நட்டு. டயர் பத்து பிளை, லோட் ரேஞ்ச் ஈ, 80 பிஎஸ்ஐ வரை காற்று. மலிவுக் கார் டயரை மாட்டிக்கொண்டு பாரம் இழுக்கக் கூடாது, உயிரோடு விளையாடுகிற வேலை அது.

2023 மார்ச் 7

96,000 மைல் குறைவு என்று முதல் நாள் எழுதினேன். அவசரப்பட்டுவிட்டேன். மைல் மட்டும் பார்த்தால் போதாது. டேஷ்போர்டு மெனுவில் என்ஜின் ஓடிய மொத்த மணி நேரமும், அதில் வண்டி நகராமல் நின்றபடி ஓடிய ஐடில் மணி நேரமும் இருக்கும். அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

2023 மார்ச் 8

மொத்தம் 5,900 மணி, அதில் ஐடில் 2,700 என்று சொல்லியிருக்கிறீர்கள். 96,000-ஐ 5,900-ஆல் வகுத்தால் சராசரி வேகம் மணிக்கு 16 மைல். நெடுஞ்சாலையில் ஓடிய வண்டி 30, 40 காட்டும். இது எங்கேயோ கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஹீட்டருக்காகவும் ஏசிக்காகவும் நாள் முழுக்க உறுமிக்கொண்டு நின்ற வண்டி.

ஒரு மணி நேர ஐடிலை 25 மைல் ஓட்டத்துக்குச் சமம் என்று மெக்கானிக்குகள் கணக்கு வைப்பார்கள். 2,700 மணிக்கு 67,500 மைல். ஆக உங்கள் 96,000 உண்மையில் 1,63,000-க்கு மேல். என் வண்டி வயசு.

என்ஜின் தேய்மானம்கூட இரண்டாம் பட்சம். 2007-க்குப் பிறகு வந்த டீசலில் டிபிஎஃப் என்ற புகைக்கரி வடிகட்டி சைலன்சர் வழியில் உட்கார்ந்திருக்கும். நன்றாகச் சூடாகி 20, 30 நிமிடம் ஒரே வேகத்தில் ஓடினால்தான் பிடித்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். ஐடிலில் நின்றால் கரி சேரும், எரியாது. புகையில் ஒரு பகுதியை என்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வழி அடைக்கும், டர்போவின் நகரும் தகடுகளும் கரியில் ஒட்டும். பாதி எரிப்பில் சாவியைத் திருப்பி அணைத்தால் சில என்ஜின்களில் எரிப்புக்காகத் தெளித்த டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் குறைந்தால் எல்லாரும் பயப்படுவார்கள். இந்த வண்டிகளில் ஏறினாலும் பயப்பட வேண்டும்.

இப்போது உங்கள் 9 மைலை நினைத்துப் பாருங்கள். என்ஜின் சூடேறி முடிவதற்குள் அலுவலகம் வந்துவிடும்.

2023 மார்ச் 8, மறுபடி

டிபிஎஃப்பைக் கழற்றி எறிந்துவிட்டால் தொல்லை விட்டது என்று யாராவது சொல்வார்கள். அமெரிக்காவில் சுத்தக் காற்றுச் சட்டப்படி அது சட்டவிரோதம். கழற்றிய வண்டியை வாங்கினால், புகைப் பரிசோதனை உள்ள மாநிலத்தில் பதிவு செய்ய முடியாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்பீர்கள். திரும்ப மாட்ட ஆயிரக்கணக்கில் ஆகும். புகைக்குழாய் முனைக்குள் விரலை விட்டுத் தேயுங்கள். வடிகட்டி ஒழுங்காக இருந்தால் விரல் கிட்டத்தட்டச் சுத்தமாக வரும். கறுப்பாக அப்பிக்கொண்டு வந்தால் வடிகட்டி உடைந்திருக்கிறது, அல்லது அங்கே இல்லவே இல்லை.

2023 மார்ச் 12

எந்த வருடத்து என்ஜினில் என்ன வியாதி என்று கேட்டீர்கள். ஊரறிந்தவற்றை மட்டும் எழுதுகிறேன்.

ஃபோர்டு 6.0 லிட்டர் பவர்ஸ்ட்ரோக் டீசல், சூப்பர் டியூட்டி பிக்கப்பில் 2003 முதல் 2007 வரை. என்ஜின் நடுப்பள்ளத்தில் இருக்கும் ஆயில் கூலர் அடைக்கும். அது அடைத்தால் அதைத் தாண்டியிருக்கும் இஜிஆர் கூலருக்குத் தண்ணீர் பற்றாது, வெந்து பிளக்கும். கூலன்ட் என்ஜினுக்குள் போய் ஆவியாகி, ஹெட் கேஸ்கெட்டைத் தூக்கும். ஒரு சிலிண்டரைச் சுற்றி நாலே போல்ட், அதனால் பிடிப்பு போதாது. இதைப் பார்க்கப் போனால் ஸ்கேனர் ஒன்றை மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். ஆயில் சூட்டுக்கும் கூலன்ட் சூட்டுக்கும் வித்தியாசம் 15 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் கூலர் அடைத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம்.

செவ்ரலே, ஜிஎம்சியின் டியூராமேக்ஸில் 2001 முதல் 2004 வரை வந்த எல்பி7. இன்ஜெக்டர் கெட்டுப்போகும். அவை வால்வ் கவருக்கு அடியில் இருப்பதால் கூலி எகிறும். இதற்காகவே கம்பெனி இன்ஜெக்டருக்கு மட்டும் 7 வருடம், 2,00,000 மைல் என்று உத்தரவாதத்தை நீட்டியது. அந்தக் காலமெல்லாம் முடிந்துவிட்டது. ஆகவே யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று பில் கேளுங்கள்.

டாட்ஜ், ராம் வண்டிகளில் கம்மின்ஸ் என்ஜின். பழைய 12 வால்வ் 5.9-ல் முன்பக்க கியர் உறையில் இரும்பு முளை ஒன்று உண்டு. அதிர்ந்து அதிர்ந்து வெளியே வந்து டைமிங் கியருக்குள் விழுந்தால் கதை முடிந்தது. ஒரு சின்னத் தகட்டை வைத்து அடைத்துவிட்டால் பிரச்சினை இல்லை. 1998 நடுவிலிருந்து 2002 வரை 24 வால்வ். அதில் விபி44 இன்ஜெக்ஷன் பம்ப். டீசல்தான் அதற்குக் குளிர்ச்சியும் வழுவழுப்பும். தொட்டியிலிருந்து டீசலைத் தள்ளும் சின்ன பம்ப் பலவீனமானால் பெரிய பம்பும் கூடவே சாகும்.

அப்புறம் சிபி4. இதைத் தனியாக எழுத வேண்டும், கை வலிக்கிறது.

2023 மார்ச் 15

சிபி4 என்பது உயர் அழுத்த டீசல் பம்ப். ஃபோர்டு 6.7-ல் 2011 முதல், டியூராமேக்ஸ் எல்எம்எல்லில் 2011 முதல் 2016 வரை, ராமில் 2019, 2020. உள்ளே கேம் மேல் உருளும் சின்ன உருளை ஒன்று. அது தன் பாதையில் கொஞ்சம் திரும்பிவிட்டால் உருளாமல் தேய்க்க ஆரம்பிக்கும். இரும்புத்தூள் கிளம்பும். பம்ப் மட்டும் போனால் பரவாயில்லை. தூள் டீசலோடு, இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பிரித்துக் கொடுக்கும் ‘ரயில்’ என்ற குழாய்க்கும் எல்லா இன்ஜெக்டருக்கும் போய், திரும்பும் குழாய் வழியாகத் தொட்டிக்கே வந்துவிடும். எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பில் பத்தாயிரம் டாலர் பக்கம் போகும்.

டீசலின் வழுவழுப்பும் இதில் ஒரு காரணம். சோதனையில் உருவாகும் தேய்மானத் தழும்பு ஐரோப்பாவில் 460 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும், அமெரிக்காவில் 520 வரை அனுமதி. எண் கூடினால் வழுவழுப்பு குறைவு. ஐரோப்பாவில் உருவான பம்ப் இங்கே கொஞ்சம் வறண்ட டீசலைக் குடிக்கிறது. ராம் 2021-ல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தது, பழைய சிபி3 பம்புக்கே திரும்பவும் போனது.

எல்லா சிபி4-ம் வெடிக்கும் என்று சொல்லவில்லை. பல வண்டிகள் இரண்டு லட்சம் மைல் தாண்டி ஓடுகின்றன. ஆனால் வாங்கும் முன் டீசல் ஃபில்டரைக் கழற்றி, அதில் இருப்பதை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி வெயிலில் பாருங்கள். மினுமினுப்பு தெரிந்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

2023 மார்ச் 19

நேற்று ஒருவர் தான் பார்த்த வண்டியைப் பற்றிக் கேட்டிருந்தார்: 60 மைல் வேகத்தில் பாலத்து இணைப்பில் ஏறியதும் ஸ்டீயரிங் பேயாட்டம் ஆடியதாம். எனக்கும் நடந்திருக்கிறது. முன்னால் ஒரே துண்டாக ஆக்சில் உள்ள வண்டிகளில் வரும் வியாதி. இரண்டு முன்சக்கரமும் எதிர் எதிராகத் துள்ளும், டேஷ்போர்டு கழன்று மடியில் விழுந்துவிடுமோ என்று இருக்கும். பிரேக்கைக் குத்தாமல் மெதுவாக வேகத்தைக் குறைத்தால் 35 மைல் பக்கம் நிற்கும்.

ஒரு கடைக்காரர் ஸ்டீயரிங் ஆட்டத்தை அடக்கும் ஸ்டெபிலைசரை மாற்றி அனுப்பினார். மூன்று வாரம் ஆடவில்லை, அப்புறம் அதே ஆட்டம். ஸ்டெபிலைசர் வியாதியை மூடி மறைக்கும், தீர்க்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் உள்ளே உட்கார்ந்து, வண்டி தரையில் நிற்கும்போதே ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் இடம், கொஞ்சம் வலம் என்று ஆட்டினார். நான் கீழே படுத்து, ஆக்சிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடித்திருக்கும் டிராக் பார் முனையில் ஆட்காட்டி விரலை வைத்தேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் விரல்நுனியில் டொக், டொக் என்று ஒரு தட்டு. கண்ணுக்குத் தெரியாத அளவு, ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்த ஒரு புஷ்ஷுக்காக எத்தனை ராத்திரி தூங்காமல் இருந்தேன்!

வண்டி பார்க்கப் போகும்போது கூட ஒருவரை அழைத்துப் போங்கள். இந்தச் சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும்.

2023 மார்ச் 26

துருவைப் பற்றி இவ்வளவு நேரம் பேசாமல் விட்டுவிட்டேன். வரிசைப்படி எழுதியிருந்தால் இதுதான் முதலில் வந்திருக்க வேண்டும். பனிக்காலத்தில் சாலைக்கு உப்பு போடும் மாநிலத்தில் ஓடிய வண்டியா, இல்லையா? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். என்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் பிறகு.

வாங்கி இரண்டாவது குளிர்காலம். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தப் போகிறேன், பிரேக் பெடல் அப்படியே தரைவரை இறங்கியது. நல்லவேளை, நடைவேகத்தில் இருந்தேன். டீசல் தொட்டிக்கு மேலே, கண்ணுக்கு எட்டாத இடத்தில் பிரேக் லைன் அரித்து வெடித்திருந்தது. பின்னால் மூன்று டன்னோடு இறக்கத்தில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் அடிவயிறு கலங்குகிறது. நிக்கல் கலந்த தாமிரக் குழாய் போட்டேன், அது துருப்பிடிக்காது.

சேஸிஸ் ஓரமாகப் போகும் குழாயை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். செதில் செதிலாக உதிர்ந்தால் விலையில் ஆயிரம் டாலர் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்த சேஸிஸ் எனக்குப் பிடிக்காது. டெக்சாஸ், அரிசோனா பக்கத்து வண்டிக்கு இரண்டாயிரம் கூடக் கொடுத்தாலும் லாபம்தான்.

2023 ஏப்ரல் 2

இரண்டு திருத்தம்.

ஒன்று, கியர்பாக்ஸ் ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய 480 டாலர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. ஆக மொத்தம் 10,070. மைலுக்கு 24 சென்ட்.

இரண்டு, என்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைக் கவிழ்த்து வைத்து, அது துள்ளினால் என்ஜின் தேய்ந்துவிட்டது என்று ஒருவருக்குத் தனியாகச் சொல்லியிருந்தேன். மச்சான் மறுத்தார். அவர் சொல்வது சரி. சில என்ஜின்களில் உள்ளே சுழலும் காற்றே மூடியை ஆட்டும், என்ஜின் நல்லபடியாக இருக்கும்போதும். துள்ளுவதைவிட, நிற்காமல் குபுகுபுவென்று புகை தள்ளுகிறதா என்பதைப் பாருங்கள். அந்த வண்டியை நான் சொன்னதற்காக விட்டுவிட்டீர்கள் என்றால், திரும்பப் போய்ப் பாருங்கள்.

2023 ஏப்ரல் 9

டெஃப் பற்றி. 32.5 சதவீத யூரியாக் கரைசல். மைனஸ் 11 டிகிரி செல்சியஸில் உறையும். அதற்காகத்தான் தொட்டியில் ஹீட்டர். ஒரு ஜனவரிக் காலை, வெளியே மைனஸ் 20. இத்தனை மைலுக்குப் பிறகு வேகம் குறைக்கப்படும் என்று டேஷ்போர்டில் எழுத்து வந்து, எண் இறங்கிக்கொண்டே போனது. என்ஜின் பிரமாதமாக ஓடுகிறது, பாரம் பின்னால் நிற்கிறது, ஒரு ஹீட்டர் வேலை செய்யாததால் வண்டி தன்னைத்தானே கட்டிப்போடப் போகிறது. என் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் என் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்று அது, கழற்ற மாட்டேன்.

2023 ஏப்ரல் 16

கேட்டவருக்கு என் முடிவான கருத்து: உங்களுக்கு டீசல் வேண்டாம். பெட்ரோல் முக்கால் டன் பாருங்கள்.

மூன்று டன்னை எந்தப் பெட்ரோல் முக்கால் டன்னும் இழுக்கும். மேட்டில் சத்தம் போடும், அவ்வளவுதான். டிபிஎஃப் இல்லை, டெஃப் இல்லை, உயர் அழுத்த டீசல் பம்ப் இல்லை, டர்போ இல்லை. டீசல் என்ஜின் எடை அதிகம் என்பதால், ஒரே மாதிரி வண்டியில் பெட்ரோலுக்குத்தான் சுமக்கும் அளவு கூடுதல். கதவுத் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், பாருங்கள். எரிபொருள் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். ஆனால் 2022 ஜூனில் டீசல் கேலன் 5.80 டாலரைத் தொட்டபோது என் தொட்டியை நிரப்பிய எனக்கு, டீசல் சிக்கனம் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

பெட்ரோலுக்கும் வியாதி உண்டு. ஜிஎம் 6.0-ல் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போல்ட் அறுந்துபோகும், குறிப்பாகப் பின் சிலிண்டர் பக்கம். காலையில் குளிர்ந்த என்ஜினில் டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் அடங்கினால் அதுதான். ராமின் ஹெமி என்ஜினிலும் இதே கதை. கூடவே வால்வைத் தள்ளும் லிஃப்டர் போய் கேம்ஷாஃப்டைத் தின்னும். ஃபோர்டு 5.4 மூன்று வால்வில் ஸ்பார்க் பிளக் கழற்றும்போது பாதி உடைந்து உள்ளேயே நிற்கும்; அதைத் தவிர்த்துவிடுங்கள். 2011-க்குப் பிறகு வந்த ஃபோர்டு 6.2 நல்ல என்ஜின், சிலிண்டருக்கு இரண்டு என்று 16 பிளக், அது ஒன்றுதான் செலவு.

2023 ஏப்ரல் 17

வாரத்தில் நாலு நாள் இழுக்கும் எனக்கு டீசல் சரிதான். நீண்ட இறக்கத்தில் டர்போவே பிரேக் பிடித்து வண்டியை நிதானமாக இறக்கும். கால் பெடலில் இல்லாமல் மலையிறங்கும் அந்த நிம்மதிக்காகவே 24 சென்ட் கொடுப்பேன். உங்கள் ஓட்டம் வேறு.

2023 மே 21

பெட்ரோல் வண்டி ஒன்றைப் பார்க்க நாளை போகிறேன், என்னென்ன கவனிக்க என்று கேட்டிருக்கிறீர்கள். முன்கூட்டியே போய், என்ஜின் மூடியைத் தூக்கி, என்ஜின் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். குளிரில் வரும் சத்தம் எதுவும் உங்கள் காதில் விழாது. இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள்.

டயர் ஓரத்தில் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 2316 என்றால் 2016-ல் 23-வது வாரம். பட்டன் ஆழமாக இருக்கலாம், ரப்பர் கிழமாகியிருக்கும். சாமான் ஏற்றும் பின் தொட்டியின் நடுவில், பெரிய டிரெய்லரை மாட்டும் கூஸ்நெக் பந்துக்கான ஓட்டை இருந்தால் பெரிய பாரம் இழுத்த வண்டி; கியர்பாக்ஸ் ஆயிலின் நிறத்தையும் வாசனையையும் பாருங்கள். கருகிய வாசனை என்றால் வேண்டாம்.

2023 மே 23

19,000-க்கு எடுத்துவிட்டீர்கள், 1,08,000 மைல், தெற்கத்தி வண்டி, காலையில் டிக் டிக். அந்தச் சத்தத்தைக் காட்டி 900 குறைத்தீர்கள். படித்ததும் மச்சானுக்கு உடனே போன் போட்டுச் சொன்னேன். போல்ட் அறுந்த இடத்தில் துளை போட்டுக் கழற்றத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள். ஒரு போல்ட் என்றால் பக்கத்து நாலையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.

2023 நவம்பர் 12

குளிர்காலத்துக்கு முன் ஒரு வேலை. ஸ்பேர் டயரைக் கீழே இறக்கிப் பாருங்கள். வண்டிக்கு அடியில் ஒரு கேபிளில் தொங்கும். ஜாக்கோடு வரும் நீளக் கம்பியை பம்பர் ஓட்டையில் விட்டுச் சுற்றினால் இறங்க வேண்டும். என்னுடையது நேற்று பாதி இறங்கி நின்றது. துருப்பிடித்து இறுகிவிட்டது. கேபிளை வெட்டித்தான் எடுத்தோம். புதுச் சுருள் வரும்வரை டயர் பின் தொட்டியில் கிடக்கிறது.

உங்களுடையது தெற்கத்தி வண்டி, சுலபமாக இறங்கும். இறக்கிவிட்டு கேபிளுக்கு கிரீஸ் தடவி, திரும்பச் சுற்றி ஏற்றிவிடுங்கள்.